ரேகை விழல

மூன்று தரம் வைத்தேன்.
மூன்று தரமும் சிவப்பாய்ச் சிமிட்டியது மிஷின்.
"கையில இன்னாமா பிசினு?"
ரேஷன் கடைப் பையன் கேட்கிறான்.

நேற்றெல்லாம் பக்கக்கொழுந்து கிள்ளினேன்.
புகையிலைப் பால் கட்டைவிரலில் ஏறி
புதுத் தார் ரோடு மாதிரி காய்ந்து கிடக்கிறது.

கேழ்வரகு போட்ட காலம் ஒன்றும் சொர்க்கமில்லை.
பேரணாம்பட்டுக் காட்டிலிருந்து இறங்கி
அறுபது சென்ட்டையும் ஒரே ராத்திரியில்
உழுதுவிட்டுப் போனது பன்றி.
மிச்சம் மயிலுக்கு.
மிச்சத்தில் மிச்சம் விற்றால்
அறுத்த கூலிக்கே காணாது.

குடியாத்தம் மண்டிக்கார நரசிம்மலு
நாற்றும் தந்தார், பன்னிரண்டாயிரம் அட்வான்சும் தந்தார்.
"ஆடு கடிக்காது, பன்னி மோக்காது,
காவலே வேணாம் போ."

பொய்யில்லை.
எங்கள் வெள்ளாடு வரப்புவரை வந்து
மூக்கைச் சுழித்துத் திரும்பிவிட்டது.
கிளி வரவில்லை. எலி வளை தோண்டவில்லை.
எவர் வாய்க்கும் ஆகாத பயிருக்கு
வேலி எதற்கு?

முதல் வருசம் பணம் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.
தமயந்திக்கு நர்சிங் பீஸ் கட்டினோம்.
மோட்டாருக்குக் காயில் கட்டினோம்.
ஒருநாள் ஆம்பூர் போய்
பிரியாணி தின்றோம், நாலு பேரும்.

அடுத்த வருசம் நரசிம்மலு
சிப்பத்தைப் பிரித்து, முகர்ந்து, உதறி,
"பச்சை நிக்குது. மூணாம் நம்பர்" என்றார்.
அவர் சொன்ன விலை
வேன் வாடகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பதினேழு சிப்பம் வீடு திரும்பியது.
அடுப்புக்கு எதிரே, மூட்டை அடுக்குகிற மூலையில் அடுக்கினோம்.
வீடு ஒரே அறை, வேறெங்கே வைக்க?
ராத்திரி எல்லாருக்கும் தலை சுற்றியது.
"உலையில போட்டா வேகுமாடி இது?"
என்று துளசிங்கம் கேட்க, சிரித்தோம்.
சின்னவன் சிரிக்கவில்லை.
அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அட்வான்ஸ் கழியவில்லை.
அதனால் இந்த வருசமும் அதே நாற்று.

ஆடிக் கூழுக்கு அரைக் கிலோ மாவு,
பெங்களூர் விலாசம் போட்ட பாக்கெட்.
கத்தரிக்கோல் தேடி
ஓரத்தை நேராக வெட்டித்தான் கொட்டினேன்.
கெங்கையம்மன் ஒன்றும் கேட்கவில்லை.

"புளி போட்டு நல்லாத் தேச்சிட்டு
நாளானிக்கு வாமா. நாளைக்கு லீவு."

அரிசி அங்கேதான் இருக்கிறது,
தராசுக்குப் பின்னால், வாய் பிரித்த மூட்டையில்.
இங்கிருந்தே எண்ணலாம்.

விலகித் திரும்பினேன்.
வரிசையில் ஏழு பேர்.
பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஒருத்தராக ஒருத்தராக
தங்கள் கட்டைவிரலைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.
ஒருத்தி எச்சில் தொட்டு
முந்தானையில் தேய்க்கிறாள்,
தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.