நானூற்றுப் பன்னிரண்டு

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்,
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு
அதன் படியில் உட்கார்ந்தபடியே
மார்லிஸ் ஹாகன் கடைசித் தவணையைக் கட்டினாள்.
கைபேசித் திரையில் ஒரு பச்சை டிக்.
அவ்வளவுதான்.
ஏழு வருடம் குட்டி போட்டுக்கொண்டே இருந்த வட்டி
சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தது.
டுலூத் நகரில் ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது.

"கொண்டாட வேண்டாமா?" என்றான் ட்வெய்ன்.
கொண்டாடினார்கள்:
கடையில் வாங்கிச் சுட்ட பீட்சா, இந்த முறை பெரியது,
காளான் போட்டது.
ஒன்பது டாலர் எண்பது.
ரசீதை மடித்து வைத்துக்கொண்டாள்.
பழக்கம்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி
கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டு டாலர்
அப்படியே நின்றது.
யாரும் வந்து கொண்டுபோகவில்லை.
வந்த விருந்தாளி கிளம்பாமல்
கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல
அதை எட்டிப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தாள்.
அதற்குக் குடிக்க என்ன கொடுப்பது?

கட்டினோம், கட்டினோம் என்றே ஏழு வருடம்.
மருத்துவமனைக்குக் கட்டியது,
இரண்டு அட்டைகளுக்குக் கட்டியது,
துருப்பிடித்து எப்போதோ உடைசலுக்குப் போன வேனுக்கு
அது போன பிறகும் கட்டியது.
இவ்வளவு கட்டியதில்
ஒரு சுவர்கூட எழும்பவில்லை.

அன்றிரவு சமையல் மேசையில் உறைகளைப் பரப்பினாள்.
புதியவை அல்ல,
கடன்காரர்கள் அனுப்பிய பதில் உறைகள்.
தபால்தலை தேவையில்லை என்று அச்சடித்தவை,
ஷூ டப்பா நிறைய இருந்தன.
முகவரிகளைப் பேனாவால் அடித்துவிட்டு எழுதினாள்:
மளிகை.
பனிக்கால டயர்.
பல்
(ட்வெய்னின் கடைவாய்ப்பல். இரண்டு வருடமாய்
இடது பக்கம் மட்டுமே மெல்கிறான்).
ஒன்றில் என்ன எழுதுவதென்று யோசித்து
'எதற்கென்று தெரியாது' என்று எழுதி
ஐம்பது போட்டாள்.
ட்வெய்ன் ஓர் உறையில் மீன் வரைந்தான்.
அது வவ்வால் மாதிரி இருந்தது.
அதற்கு மாதம் பதினைந்து.

ஜூலையில் சண்டை.
வவ்வால் உறையில் அறுபதுதான் இருந்தது,
தூண்டில் எழுபத்தைந்து.
மளிகை உறையிலிருந்து பதினைந்து நழுவியிருந்தது.
பதினைந்து டாலருக்கு
இரண்டு நாள் பேச்சு இல்லை.
முப்பதாயிரம் கடன் இருந்தபோது
ஒரு நாளும் இப்படி ஆனதில்லை.
அப்போது எதிரி வாசலுக்கு வெளியே நின்றான்.

இன்னும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால்
வயிறு ஒரு முறை புரண்டுதான் அடங்குகிறது.
அடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறாள்.
பிறகு பார்த்தால்
நூலகம்: நீங்கள் கேட்ட புத்தகம் வந்துவிட்டது.

ஜனவரியில், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்றில்,
வீட்டுச் சூடேற்றி நின்றுபோனது.
பனிச்சட்டையோடு படுத்து எழுந்தார்கள்.
காலையில் வந்த டெல்மர்
நிலவறையில் ஒரு மணிநேரம் எதையோ தட்டினான்.
முந்நூற்று எண்பத்தாறு.
"தவணை வசதியும் இருக்கிறது" என்று
கேட்காமலே படிவத்தை உருவினான்.
மார்லிஸ் உள்ளே போய்
'எதற்கென்று தெரியாது' உறையைக் கொண்டுவந்தாள்.
எச்சில் தொட்டு எண்ணினாள்.
அவன் பேனா மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

போன வருடமென்றால் இது பேரிடி.
மூன்று மாதத்தைக் கவிழ்த்திருக்கும்.
இன்று வெறும் செலவு.
செலவு என்ற சொல்லுக்குப்
புறப்பட்டுப் போவது என்றும் ஒரு பழைய பொருள்.
போனது.
அடுத்த மாதம் திரும்பி வந்து கதவைத் தட்டாது.

உறையில் நூற்றுப் பதினான்கு மிச்சம்.
அதை மடித்து டப்பாவில் வைத்தாள்.
தரைக் கம்பிகளின் வழியே
கருகிய தூசி வாசனையோடு சூடு ஏறி வந்தது.
ட்வெய்ன் சோளப்பொரி கொறித்துக்கொண்டிருந்தான்,
இரண்டு பக்கமும்.