வடக்கே ஒழுங்கை

சீட்டுக் குணத்தை நாங்கள் அடிக்கவில்லை.
அடிப்பம் என்று றெஜினோல்ட் சொன்னதுதான்,
கராஜில் ஹொக்கி மட்டை கிடக்கு என்றும் சொன்னான்.
அன்ரனிப்பிள்ளையர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே
"அவனுக்கு நோகிற இடம் உடம்பில இல்லை" என்றார்.

முழுப்பெயர் குணபாலசிங்கம்.
முப்பது பேர், மாதம் ஆயிரம்,
மோர்னிங்சைட் வீட்டின் நிலக்கீழறையில் ஏலம்.
கழிவு கேட்கும்போது குரலைத் தாழ்த்துவார்,
சாமியறைக்குள் நிற்பவர்போல.
பத்தொன்பதாம் மாதம் காசோடு போனேன்.
வாசலில் வேறு யாரோவின் பனிச்சப்பாத்து.
வீடே வாடகை வீடாம்.

எனக்குப் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை.
பதினெட்டாயிரம் டொலர் எத்தனை இறாத்தல் பாண் என்று
பெல்ட்டின் முன்னால் நின்று ஒருநாள் கணக்குப் பார்த்தேன்.
சுப்பவைசர் வந்து கையுறையைப் போடச் சொன்னான்.

மூன்று பனிக்காலம் கழித்து
ஏஜக்ஸில் ஒரு பிறந்தநாள் விழாவில்
றெஜினோல்ட் அவரைக் கண்டான்.
கேக்குக்குப் பக்கத்தில்,
ஊரில் காணி வாங்குவது பற்றிக் கதைத்துக்கொண்டு,
கொஞ்சம் மெலிந்து.

அன்ரனிப்பிள்ளையர் முந்திப்
பருத்தித்துறையில் நொத்தாரிசின் கிளாக்கர்.
மூன்று கிழமை என் சாப்பாட்டு மேசையில் குனிந்திருந்தார்.
கொடிகாமத்தில், றோட்டுக்கரையில்,
பன்னிரண்டு பரப்பு முளைத்தது,
நாற்பத்திரண்டு தென்னை, பங்குக் கிணறு,
வழிவாய்க்கால் உரித்து சகிதம்.
எல்லைகள்:
கிழக்கே திலகேஸ்வரி வளவு.
தெற்கே றெஜினோல்ட் சவரிமுத்து வளவு.
மேற்கே இராசமலர் வளவு. அது நான்.
வடக்கே ஒழுங்கை.

பெயர்களைப் போடச் சொன்னது திலகேஸ்வரி.
"வாசிக்கேக்க அந்தாளின்ர முகம் மாறினால்
விட்டிடுவம்" என்றாள்.

எட்மன்டனிலிருந்து வந்த அவளின் மச்சாள்தான் காணிக்காரி.
டோனட் கடையில், ஜன்னலோரம்,
அவசரத்தில் விற்கிறவளாக மூக்கை உறிஞ்சினாள்.
பின் மேசையில் முதுகு காட்டி நான்.
உறுதியை அவர் இரண்டுதரம் வாசித்தார்.
கிழக்கு, தெற்கு, மேற்கு,
விரல் நிற்காமல் போனது.
பிறகு கேட்டார்,
"தென்னையெல்லாம் காய்க்குதோ?"

அன்றிரவு என் குசினியில்
நாற்பத்தோராயிரத்தைக் கொட்டினோம்.
மச்சாள் ஏற்கெனவே விமானத்தில்.
திலகேஸ்வரி சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரன் தட்டினான்.
கட்டுக்கட்டாக நூறு இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
வந்தது ஐந்தும் பத்தும் இருபதும்.
ஒரு கட்டைச் சுற்றி, சின்னப்பிள்ளை தலைக்குப் போடும்
இளஞ்சிவப்பு றப்பர்வளையம்.
ஒரு கட்டில் எண்ணெய் மணம்.
ஓர் உறையில் பென்சிலால்:
"வைகாசிச் சீட்டு. கமலாசனி. மொன்றியல்."
கீழே தொலைபேசி இலக்கம்.
ஏழை இரண்டுதரம் அழித்து எழுதியிருந்தாள்.

எண்ணுவது நின்றுவிட்டது.
"எங்கட காசை அந்தாள் எடுக்கேக்க
ஆரும் உறையைப் பார்த்தவையோ?"
என்றான் றெஜினோல்ட்.
அவனுக்கு வீட்டுக் கடன் இருந்தது. அவனில் பிழையில்லை.
அன்ரனிப்பிள்ளையர் கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.

என் பங்கு ஒன்பது நாள் அரிசி வாளிக்குள் கிடந்தது.
சோறு போட அள்ளும்போதெல்லாம்
சுண்டு தாளில் முட்டும்.

பத்தாம் நாள், வேலை முடிந்து வந்து,
சப்பாத்தைக் கழற்றாமல் இலக்கத்தை அழுத்தினேன்.
ஹலோவுக்குப் பின்னால் ஏதோ பொரிகிற சத்தம்.
என்னவென்று தொடங்குவது?
இல்லாத காணியில்
ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டிருந்தோம்.
அந்த ஒழுங்கையால் ஒருத்தி நடந்து வருகிறாள்,
கையில் இன்னொரு உறையோடு,
இந்த மாதத்துக்கு.

"ஆர் கதைக்கிறது?" என்றாள்.
"மேற்கு வளவுக்காரி" என்றேன்.
"அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ."