ஐந்தாம் பாகத்தின் ஓரம்

சாட்ஸ்வர்த் நூலகத்தில் எனக்கொரு வேலை,
சம்பளச் சீட்டில் இல்லாதது:
திரும்பி வரும் புத்தகங்களில்
கிறுக்கியதை அழிப்பது.
பேனா என்றால் அபராதம்.
பென்சில் என்றால் நான்.

சாம்பலாற்றுக் கதையின் ஐந்தாம் பாகம்
ஒரே ஒரு பிரதி.
காத்திருப்பவர் பதினேழு பேர்.
கவுன்டரிலேயே கைமாறிக் கைமாறி
என் மேசையைப் பார்க்காமல் சுற்றியது நான்கு மாதம்.
பதினோராவது ஆள், கெருஷன் படையாச்சி,
கொண்டுவந்து வைத்தபோது
மழையில் நனைந்து காய்ந்து
அப்பளமாய் உப்பியிருந்தது.

நான் கதை படிப்பதில்லை.
எழுத்து தட்டுப்படும் இடத்தில் மட்டும் நிற்பேன்,
டாக்ஸியின் பின் சீட்டுப் பேச்சு
காதில் விழுவது போல.

முதல் பக்கத்தின் தலையில் ஒருத்தி:
"இரண்டு வருஷம் காத்திருக்கிறேன், ஏமாற்றிவிடாதே."
அதன்கீழ் சாய்ந்த எழுத்தில்:
"ஏமாற்றும். நாலாம் பாகமே தண்டம்."
மூன்றாவது கை, தாள் கிழியும் அழுத்தத்தில்:
"நாலைக் குறை சொல்கிறவன் இதைத் தொடாதே."

எல்லாம் ஆங்கிலம்தான்.
நடுநடுவே ஓர் 'ஐயோ' மட்டும் நம்முடையது.
அதை அழிக்கும்போது
ரப்பர் கொஞ்சம் வழுக்கும்.

நூற்று நாற்பதிலிருந்து
எல்லோரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள் போல.
"இன்னும் காடா?"
"இன்னும் காடுதான்."
"நூற்றுத் தொண்ணூறு. காடு."
ஒருவன் சலித்துப்போய் மரமொன்று வரைந்து
அடியில் டாக்ஸி நிறுத்தமும் வரைந்து
வரிசையில் ஓநாயை நிறுத்தியிருந்தான்.
அழிக்க மனம் வரவில்லை.
அழித்தேன்.

நெவா காவல்காரனுக்கு முத்தம் தரும் பக்கத்தில்
ஊரே கூடியிருந்தது.
"ஹாவு! போயும் போயும் இவனா?"
"அப்போ ஓரிக்?"
"எழுதினவளே அவனை மறந்துட்டா."
"மறக்கல. 302-ஐப் பார்."
பிறகு, முன்பு கேட்ட அதே கை,
வந்த வழியே திரும்பி வந்து:
"பார்த்தேன். மன்னிக்கணும்."
யாரிடம் மன்னிப்பு?
நெவாவிடமா, எழுதினவளிடமா,
முகம் தெரியாத அந்தச் சாய்ந்த எழுத்திடமா?
அதை அழிக்க
இரண்டு முறை தேய்க்க வேண்டியிருந்தது.

முந்நூற்று நாற்பத்து நான்கு.
இத்தனை வாய்களும் இங்கே மூடியிருந்தன.
பதினோரு பேர் கடந்த பக்கத்தில்
பன்னி சோவ் குழம்பில் தோய்ந்த ஒரு கட்டைவிரல்,
அடியில் பொடி எழுத்தில்:
"இங்கே கரன்ட் போச்சு. நல்ல வேளை."

அந்த ஒரு பக்கத்தை மட்டும்
முழுதாகப் படித்தேன்.
ஓநாய் விளக்கைக் கீழே வைக்கிறது.
அவ்வளவுதான் நடக்கிறது.
ரப்பரை மேசையில் வைத்துவிட்டு
தேநீர் போடப் போனேன்.

கடைசித் தாளில் தீர்ப்புகள்.
ஐந்துக்கு மூன்று.
ஐந்துக்கு ஐந்து, காட்டைக் கழித்தால்.
இதோடு நிறுத்தியிருக்கலாம்.
ஆறாவது எப்போது வரும்?
'நிறுத்தியிருக்கலாம்' என்றதும்
'எப்போது' என்றதும்
ஒரே கை என்று
சத்தியம் செய்வேன்.

மேசையெல்லாம் சாம்பல் துருவல்.
ஊதித் தள்ளிவிட்டுக்
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
பன்னிரண்டாவது ஆள் நொம்புசோ,
பள்ளி டையைத் தளர்த்திக்கொண்டே கேட்டாள்:
"நல்லா இருக்கா, ஆன்டி?"

எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஓரமும் ஒரு பக்கமும்.
"காடு கொஞ்சம் நீளம்" என்றேன்.
"அதை எல்லாரும் சொல்லிட்டாங்க. ஓநாய்?"

ஸ்கேனர் 'பீப்' என்றது.
தேதியைக் காட்டினேன்.
"பென்சில் இருக்கா?"
சுவரில் ஒட்டிய விதிமுறையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"அழுத்தாமல் எழுது" என்றேன்.