கூட்டல் பொருந்தாத வீடு

வெளியே அளந்தால் அறுபத்திரண்டடி.
உள்ளே அறை அறையாய் அளந்து கூட்டினால்
ஐம்பத்தேழரை.
சுவர்களின் கனத்தைக் கழித்த பின்னும்
மூன்றடி காணவில்லை.
நாடாவின் மறுமுனையில் அஸ்லான் சிரிக்கிறான்:
"வீடு கமிஷன் அடிச்சிருக்குக்கா."

சுங்கை மெங்குவாங் டவுனில்
கள்ளுக்கடை கைப்பேசிக்கடையான வரிசைக்குப் பின்னால்
செம்பனைக்கு நடுவே பெரிய பங்களா.
வாங்கியிருப்பவர் மிஸ்டர் லோ.
ஓட்டலாக்கப் போகிறார்.
'ஆங்கிலப் பண்ணைவீடு' என்று பலகைகூடச் செய்தாயிற்று.
அளந்து வரைவது என் வேலை.

தரைக்கடியில் குனிந்து டார்ச் அடித்தேன்.
பதினாறு கட்டைக் கால்கள், ஆணியில்லாமல்,
பிரம்புக் கட்டின் தழும்போடு.
அத்தாப்புக் கூரையும்
காய்ச்சலில் படுக்க ஒரு கட்டிலுமாய்
இவ்வளவுதான் இருந்திருக்கிறது முதலில்.
ரப்பர் விலை ஏறிய வருடம்
அதன் தலையில்
டெவன்ஷயரிலிருந்த தன் அப்பன் வீட்டை
ஏற்றி உட்காரவைத்தார் ஹாலட் துரை.

பனி வழுக்கி விழுவதற்கான கூரைச் சரிவு.
இங்கே விழுந்தது மழை,
அதுவும் பக்கவாட்டில்.
குளிர் புகாத குட்டைச் சன்னல்.
கூடத்தில் ஆள் நிற்கும் உயரத்துக்குக் கணப்படுப்பு,
அதற்கு மேல் வானம் பார்த்த புகைபோக்கி.
லயத்து ஆட்கள் அதற்கு வைத்த பேர்
மொட்டைக் கோபுரம்.
கிராணியின் பேரேட்டில் ஒரே ஒரு வரி:
'அடுப்பு சோதனை. ரப்பர் விறகு. துரைசாணி மயக்கம்.'
அப்புறம் விறகுக் கணக்கே இல்லை.

தச்சன் லியோங்
ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒன்றரையடி வெட்டி
மரச்சல்லடை பொருத்தினான்.
துரைக்கு மூச்சு வந்தது.
தாளிப்பு வாசம் ஆகாதென்று
சமையல்கட்டை இருபது தப்படி தள்ளிக் கட்டினார்கள்.
காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்று
யாரும் சொல்லவில்லை.
தெரியாமலா.

ஜப்பான்காரன் தரைப்பலகையைப் பெயர்த்து எரித்தான்,
அடுப்பில் அல்ல, வாசலில்.
அவசரகாலத்தில் சன்னல்களின் முக்கால் பாகம் செங்கல்,
துப்பாக்கிக்கு மட்டும் சந்து.
இப்போது அதில் தேனீ.
கம்பெனி கைமாறி மரம் மாறியபோது
ஒரே கூடத்தில் பிளைவுட் தடுத்து
ஒன்பது லொம்போக்காரர்கள்.
தடுப்புதோறும் பென்சிலில் சம்பளக் கணக்கு,
சில இடத்தில் அடித்து, மறுபடி போட்டு.
இதையும் வரையட்டுமா என்றேன்.
அளவில்லாதது வேண்டாம் என்றது ஆபீஸ்.

மாடிக்குப் போக வழி தேடினோம்.
தேக்கில் இழைத்த முன்படி
கரையானுக்குப் போய்விட்டது.
பின்னால் ஒன்று இருக்கிறது:
வாளி சுமக்கிறவன்
யார் கண்ணிலும் படாமல்
குளியலறைக்கு ஏறி இறங்கக் கட்டியது.
செங்கால் மரம். ஒரு படி முனகவில்லை.
அதன் வழியேதான் ஏறினோம்
நானும், அஸ்லானும், லேசர் அளவியும்.

மேலே, அடுப்புச்சுவரின் ஓரத்தில்
பலகையைத் தட்டினால் பொள்ளல் சத்தம்.
பெயர்த்தான்.
யாருமே கணக்கில் கொள்ளாத இரண்டாவது புகைக்குழாய்.
இருட்டு, எச்ச நாற்றம்,
சீப்பின் பல்லை நகத்தால் இழுப்பதுபோல்
இடைவிடாத க்ளிக் க்ளிக்.
உழவாரக் குருவிகள்.
கரியே படியாத செங்கல்லில்
எச்சிலால் ஒட்டிய வெள்ளைக் கிண்ணங்கள்
எட்டியமட்டும் மேலே, கீழே.

மிஸ்டர் லோவுக்குப் போன் போட்டேன்.
மூன்றடி கிடைத்துவிட்டது என்றேன்.
"எத்தனை கூடு?" என்றார்.

ஓட்டல் இல்லை இனி.
மிச்சச் சன்னல்களையும் அடைக்க வேண்டுமாம்,
சுவரில் வரிசையாய் ஓட்டை,
கூரையடியில் குருவிச் சத்தம் போடும் ஸ்பீக்கர்.
பலகையை என்ன செய்வதென்று அவர் சொல்லவில்லை.

ராத்திரி வரைபடத்தை முடித்தேன்.
வரவேற்பறை, படுக்கையறை, கிடங்கு.
அந்த மூன்றடிக்கும் ஒரு கட்டம்.
பயன்பாடு என்ற இடத்தில்
கொஞ்சம் யோசித்து
'குடியிருப்பு' என்று எழுதினேன்,
பென்சிலில்.