வரிக்கு ஒன்றரை டாலர்

வென்ட்வொர்த்வில் ரயிலடிக்குப் பின்னால்
இரண்டாம் மாடி, சமையலறை மேசை,
ஒரு லேப்டாப், ஆறிப்போன டீ.
தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறேன்.
வரிக்கு ஒன்றரை டாலர்.

ஓமப்பொடி வேதமுத்து எனக்குப் படியளந்தவர்.
மூச்சுவிடாமல் பேசுவார்.
கல்யாணப் பந்தியில் ரசம் கேட்கிற காட்சி மட்டும்
நாற்பத்தேழு வரி.
அந்த மாதக் கரண்ட் பில் அதில்தான் கட்டினேன்.

"நம்ம பயதான்!" என்பார்,
ஆடு திருடியவன் தோளில் கைபோட்டு,
மாப்பிள்ளையாய் வந்த போலி டாக்டரைக் காட்டி,
ஒருமுறை போலீஸ் நாயைப் பார்த்தும்.
பதினாலு படத்தில் பதினாலு விதமாய் எழுதினேன்.
ஒன்றுகூட ஆங்கிலத்தில் சிரிக்கவில்லை.

பிறகு என்ன ஆயிற்றோ,
அழுத்தமான வேடங்களைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்.
முதலில் ஒரு வட்டிக்காரர். சகிக்கவில்லை.
கோபம் வரவேண்டிய இடத்திலெல்லாம்
புருவம் தன் பழைய வேலைக்குப் போய்விட்டது.
அடுத்து பள்ளிக்கூடத்துப் பியூன்.
படம் மூன்று நாள் ஓடியது.
மணியடித்த பிறகும் கயிற்றை விடாமல் நின்ற
அந்த ஒரு ஷாட்டை நாலுதரம் ஓட்டிப் பார்த்தேன்,
எழுத அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும்.

மூன்றாவது, இந்த ஜூலையில்.
தண்டவாளம் பார்க்கிற கேங்மேன்.
இரண்டேகால் மணிநேரப் படத்துக்கு
மொத்தமே அறுபத்தொரு வரி.
மனுஷன் என் வயிற்றில் அடித்துவிட்டார்.

பிணவறை. துணியை விலக்குகிறார்கள்.
"யாருய்யா இது?" என்கிறான் கிளார்க்.
கிடப்பவன் சட்டையில் அவிழ்ந்திருந்த ஒரு பொத்தானைப்
போட்டுவிடுகிறார் வேதமுத்து.
"நம்ம பயதான்."

பரமட்டா தியேட்டரில்
பழக்கதோஷத்தில் முதல் மூன்று வரிசை சிரித்தது.
சிரித்த வாயோடு அப்படியே நின்றது.
யாரோ சிப்ஸ் பாக்கெட்டைச்
சத்தம் வராமல் மூடப் பார்த்தார்கள்.

என்னோடு வந்த கீழ்வீட்டு டோரீன்,
வேதமுத்துவை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறவள்,
பிணவறை வாசலில் அவர் செருப்பைக் கழற்றியபோதே
அழ ஆரம்பித்திருந்தாள்.
அவளுக்கு அவர்
பையனைத் தேடி வந்த ஒரு ஆள், அவ்வளவுதான்.
எங்களுக்குத்தான் பதினாலு படம்
குறுக்கே உட்கார்ந்திருந்தது.

திரும்பும் ரயிலில் கேட்டாள்:
"அந்த இடத்தில் ஏன் எழுத்தே வரவில்லை?"
ஜன்னலெல்லாம் பனிமூச்சு.
வெஸ்ட்மீட் தாண்டும்வரை யோசித்து
"மறந்துவிட்டேன்" என்றேன்.

ஒரு ராத்திரி முழுக்க எழுதினேன், அழித்தேன்.
விடியற்காலை நாலு மணிக்கு
அந்த இரண்டரை வினாடியை
வெறுமையாகவே விட்டு அனுப்பினேன்.

பில்லில் மட்டும் அறுபத்தொன்று என்றுதான் போட்டேன்.
தயாரிப்பு ஆபீஸிலிருந்து போன்:
"எண்ணிப் பார்த்தோம், அறுபதுதானே இருக்கு?"

இருக்கு சார், என்றேன்.
இன்னொருதரம் ஓட்டிப் பாருங்க.