விரல் இல்லை

அஸ்தம்பட்டி ஆய்வகத்தில்
சித்திரை வெயிலில் தேறிய கருவி
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
மார்கழிக் காலை ஏழு மணிக்கு
நாகலூர் சத்துணவுக்கூடத்தில்
'விரல் இல்லை' என்றது.

வெள்ளச்சி கையைப் புரட்டிப் பார்த்தாள்.
பத்தும் இருந்தன,
காப்பிப் பழக் கறையோடு.
"அப்போ நேத்து ரெண்டு மூட்டை பறிச்சது யாரு?"

சிரித்தோம். பிறகு சண்டை.
ஒளியைக் கூட்டினால் சரியாகும் என்று
மூடியைத் திருகத் தொடங்கினான் இன்பரசு.
குளிருக்கு ரத்தம் விரலை விட்டு உள்ளே போய்விடும்,
அதற்கு எதைத் திருகுவாய் என்றார் டாக்டர் ஸ்டெல்லா.
ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்திருந்த நான்
ஊசியே போதும், என் ரசாயனத்துக்கு
மலையென்ன சமவெளியென்ன
என்று வாயெடுத்தேன்.

அவள் டீ டம்ளரை
இரு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.
குடிக்கவில்லை.
இரண்டு நிமிடம் இருக்கும்.
மறுபடி நீட்டினாள்.
சிவப்பு வெளிச்சம் நகத்தடியில் தடுமாறி
எட்டு புள்ளி ஒன்று.

இன்பரசு நோட்டில் எழுதினான்:
டம்ளர், இரண்டு நிமிடம்.
(நெறிக்குழு பின்னால் கேட்டது,
டீச் செலவு எந்தக் கணக்கில்?)

நாங்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது
"எட்டுன்னா, எத்தனைக்கு?"

பன்னிரண்டுக்கு என்றார் ஸ்டெல்லா,
யோசிக்காமல்.

"பாதிக்கு மேலதானே"
என்று எழுந்துவிட்டாள்.
எஸ்டேட் ஜீப் இரண்டாம் முறை ஹாரன் அடித்தது.
மாத்திரை அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி
பனிக்குள் ஓடினார் டாக்டர்,
ஒற்றைச் செருப்போடு.