ஒரு சாண் இடப்பக்கம்

பன்றியின் தாடையை உடைத்தது
என் தராசாக இருக்கலாம் என்று
ஐசக் சொல்லவில்லை.
சொல்லாமல்தான் செவ்வாய்ப்பேட்டைக்கு இறங்கி
என் பட்டறை வாசலில் நின்றார்,
துணிப்பையில் பதினேழு பித்தளைக் கூடுகளோடு.

கொலுசுக்கு வெள்ளி நிறுக்கிற தராசு அது.
பங்குனியில் இரவல் கேட்டார், மருந்து நிறுக்க.
அரைக் குன்றிமணி பிசகினால்
முன்னூறு கஜத்துக்கு அப்பால்
அது எங்கே போய் முட்டும் என்று
நான் யோசித்ததே இல்லை.
எனக்குத் தெரிந்த பிசகெல்லாம்
காசோடு முடிந்துவிடும்.

விசிறியை நிறுத்தினோம். ஜன்னலைச் சாத்தினோம்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
மூன்று தரம் நிறுத்துப் பார்த்தோம்.
முள் நட்டநடுவில் நின்றது.
அப்பாடா என்றேன்.
உடனே வெட்கமாகப் போயிற்று.

கூடுகளை வெளிச்சத்தில் உருட்டினேன்.
அடைத்து, வெடித்து, திரும்ப அடைத்து
ஏழெட்டுப் பிறவி எடுத்தவை.
இரண்டின் கழுத்தில் மயிரிழை விரிசல்.
நெருப்புக் காட்டாமல் தட்டிக்கொண்டே போனால்
வளையலும் இப்படித்தான் வாய் பிளக்கும்.
"இதுவா?" என்றார்.
"இது சிதறும்.
எல்லாத்தையும் ஒரே பக்கம் தள்ளாதுங்க."

மறுநாள் பஸ்ஸில் அவரோடு ஏறினேன்.
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் ஒரு சந்தேகம் சொன்னார்:
தோட்டா ஆழமாக இறங்கிவிட்டதோ,
கண்ணாடியின் திருகு நெகிழ்ந்ததோ,
சித்திரை வெயிலில் கன்னங்குறிச்சிக் கரட்டில்
சுட்டுப் பழகிய மருந்து
ஐப்பசிக் குளிரில் சோம்புகிறதோ.
"குளிர்ந்தா கீழே விழணும்," என்று
அவரே அதைத் தள்ளினார்.
"இது ஏன் இடப்பக்கம் போகுது?"

நாகலூரில் சடையன் காத்திருந்தான்.
காபிச் செடிகளுக்கு அடியில்
இரண்டு நாள் ரத்தம் பார்த்து நடந்தவன்.
மூன்றாம் நாள் மழை துடைத்துவிட்டதாம்.
நான் கேட்காமலே சொன்னான்:
"வாய் போனா, தண்ணி குடிக்க முடியாதுங்க."

சில்வர் ஓக் மரத்தில் சாக்கைக் கட்டி
ஐசக் படுத்துச் சுட்டார்.
முதல் குண்டு நாலு விரல் இடப்பக்கம்.
குழல் சூடேற ஏற
மற்ற நாலும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு
இன்னும் இடப்பக்கம்.
கடைசி ஓட்டை சரியாக ஒரு சாண்.

அவர் என் தராசைப் பார்த்தார்.
நான் அவர் தோளைப் பார்த்தேன்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கை சும்மா இராமல்
சட்டைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட்டை எடுத்து
குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டேன்.
கொலுசுத் திருகு எங்கே உரசுகிறது என்று
இப்படித்தான் தாள் விட்டுப் பார்ப்போம்.
இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.
வலப்பக்கம்
நாலு விரற்கடையில் கடித்துக்கொண்டது.

இழுத்தால் கிழிந்துவிடும் போலிருந்தது.

மரம். அவ்வளவுதான்.
ஆறு வாரத்து மழையைக் குடித்து
வலது விலாவில் ஊதி
இரும்பைத் தள்ளிக்கொண்டிருந்தது,
ஒரு நெல் கனம்கூட இராது.
மருந்தைச் சந்தேகித்தோம், பித்தளையை,
ஈயத்தை, என் முள்ளை.
கட்டையை மட்டும்
தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்துவந்தார்.

என் அரத்தால் ராவினேன்.
சாயங்காலம்வரை கொஞ்சம் கொஞ்சமாக.
டிக்கெட் தடங்கலில்லாமல் ஓடியபின்
ஐசக் மறுபடி படுத்தார்.
ஐந்து.
அளக்க எதுவும் அகப்படாமல்
சடையனிடம் ஒரு எட்டணா கேட்டு வாங்கி
ஓட்டைகள்மேல் வைத்தேன்.
ஐந்தும் காசுக்குள் மறைந்தன.

சிரித்தோம். ஐசக் என் முதுகில் தட்டினார்.
திரும்பிப் பார்த்தால் சடையன் இல்லை,
கொடுவாளோடு ஓடைக்குள் இறங்கியிருந்தான்.

இருட்டிய பிறகு வந்தான்,
முழங்கால்வரை சேறு.
"கிடைக்கலைங்க."

எட்டணாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
சாக்குப் பக்கம் பார்க்காமல்
வேட்டி மடிப்பில் அதை முடிந்துகொண்டான்.